தேதி மறந்த கம்ப்யூட்டர்

2003-ஆம் வருடம், ஐப்பசி மாதத்தில் ஒரு வியாழனும் அதை அடுத்த வெள்ளியும். கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரான காளப்பநாயக்கன்பட்டிக்கும், மலைமேல் குண்டூர் நாட்டில் உள்ள ஒரு சிற்றூருக்கும் இடையே நான் மேலும் கீழுமாக அலைந்த இரண்டு நாட்கள். நினைத்தால் இன்றைக்கும் முதலில் வெட்கம்தான் வருகிறது. அதன் பின்னாலேயே நன்றி வந்து, வெட்கத்தைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லும்.

நான் அப்போது சேலத்தில் கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருடம். வகுப்பில் படித்ததை விட, கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு இலவசமாக வரும் சி.டி.க்களில் கற்றுக்கொண்டதுதான் அதிகம். முன்பின் தெரியாத யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பாருங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று மூலநிரலோடு கொடுத்துவிட்ட மென்பொருட்கள் மீது எனக்கு ஒரு பித்து. விடுதியில் சாப்பிடும்போது கூட அதைப் பற்றித்தான் பேசுவேன். தோழிகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார்கள்.

அந்த வருடக் கோடையில், மலைமேல் இருந்த ஒரு மகளிர் குழுவுக்கு யாரோ ஒரு பழைய கம்ப்யூட்டரை நன்கொடையாகக் கொடுத்தார்கள். அதைத் தயார் செய்து கொடுக்க ஆள் வேண்டும் என்று என் காதில் விழுந்ததுதான் தாமதம், அடுத்த நாளே பஸ் ஏறிவிட்டேன். எல்லோரும் வைப்பது போல விண்டோஸ் வைத்துவிட்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான், அதே போல மூலநிரலோடு இலவசமாகக் கிடைத்த லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்தேன். தமிழுக்கும், அன்றைக்கு ஊரெல்லாம் புழங்கிய எழுத்துருக்களை விட்டுவிட்டு, அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்த யூனிகோட் முறையை வைத்தேன். இனிமேல் உலகம் முழுக்க இதுதான் என்று அந்தக் குழுவின் பெண்களிடம் ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

குழுவின் செயலாளராக இருந்த அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பத்தாவது வரை படித்தவர். கம்ப்யூட்டரைத் தொட முன்வந்தது அவர் ஒருவர்தான். இடது கை ஆட்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே தட்டுவார். ஏன் இடது கை என்று நான் அப்போது கேட்கவில்லை.

புரட்டாசியில் ஒரு செய்தி வந்தது. சாமையைத் தோல் நீக்கி அரிசியாக்கித் தரும் மெஷின் ஒன்றை அரசுத் திட்டத்தில் கொடுக்கப் போகிறார்கள். அதைப் பயன்படுத்தப் போகும் குடும்பங்களின் பட்டியலைத் தமிழில் அச்சிட்டு, ஃபிளாப்பியிலும் போட்டு, நாமக்கல் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அந்த மெஷின் பொதுவாகப் பயன்படப் போகும் மூன்று ஊர்களுக்கும் அக்கா நடந்து போய்ப் பெயர்களை எழுதிக்கொண்டு வந்து, ஒற்றை விரலால் இருநூறுக்கு மேற்பட்ட குடும்பங்களைப் பதிவு செய்து முடித்தார். ஒரு மாதம் ஆனது. ஃபிளாப்பியை அலுவலகத்தில் கொடுத்தார். அங்கே திறந்து பார்த்தால் கட்டம் கட்டமாக இருந்தது. ஒரு பெயர் கூடத் தெரியவில்லை.

அந்த அலுவலகத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர்களிடம் இருந்த கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஒரே ஒரு தமிழ் எழுத்துரு. அதில் கொண்டுவாருங்கள், வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரைக்கும் நேரம் இருக்கிறது என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். தவறினால் மெஷின் வேறு ஊருக்குப் போய்விடும்.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா மலையிலிருந்து விடுதிக்குப் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அம்மிணி, நீங்க சொன்ன அந்தப் புதுத் தமிழு ஆப்பீஸ்ல ஆருக்கும் தெரியலீங்க. நா மறுக்கா மொதல்ல இருந்து அடிக்கோணுமுங்களா?"

ஒரு மாத வேலை. இரண்டு நாளில் எப்படி அடிப்பது? எல்லாம் என் பிரசங்கத்தால் வந்தது. வேண்டாங்கக்கா, ஒரு மணி நேர வேலை, நான் வந்து மாத்தித் தாரேன் என்று அடித்துச் சொன்னேன். என்னிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. ஒரு தமிழ் முறையில் அடித்ததை இன்னொரு தமிழ் முறைக்கு மாற்றித் தரும் லைப்ரரி ஒன்று மூலநிரலோடு இலவசமாகக் கிடைத்தது. லைப்ரரி என்றால், மற்ற மென்பொருட்கள் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும்படி எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு. எந்த இயங்குதளத்திலும் ஓடும் என்று அதோடு வந்த குறிப்பிலேயே போட்டிருந்தது. அதை அப்படியே நம்பினேன்.

வியாழன் காலை எட்டு மணிக்கு எங்கள் ஊர் கடைவீதியில் இருந்த பாய் கடையில் நின்றேன். ஜெராக்ஸ், டைப்பிங், பத்திரிகை அச்சடிப்பதற்கு வடிவமைப்பு என்று எல்லாம் செய்யும் சின்னக் கடை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பேனாவுக்கு ரீஃபில் வாங்கியதும் அங்கேதான். பாயிடம் விண்டோஸ் 98 போட்ட ஒரு கம்ப்யூட்டரும், கிர்ர் கிர்ர் என்று வரி வரியாக அடிக்கும் ஒரு பழைய பிரிண்டரும் இருந்தன. நாமக்கல் அலுவலகம் கேட்ட அதே எழுத்துருவும் இருந்தது. அக்கா கொடுத்தனுப்பிய ஃபிளாப்பி முதல் பஸ் கண்டக்டர் கையில் வந்து சேர்ந்திருந்தது. லைப்ரரியைக் கல்லூரி ஆய்வகத்திலேயே விண்டோஸுக்காகக் கட்டி, அதாவது மூலநிரலை அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் நிரலாக மாற்றி, எடுத்து வந்திருந்தேன். நிறுவ வேண்டும், ஓட்ட வேண்டும், பிரிண்ட் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டினேன். ஏதோ ஒரு கோப்பு இல்லை என்றது. கல்லூரியில் இருந்தது புதிய விண்டோஸ். அதில் கூடவே இருக்கும் சில துணைக் கோப்புகள் பாயின் பழைய விண்டோஸில் இல்லை. சரி, இங்கேயே கட்டிக்கொள்ளலாம் என்றால், கட்டுவதற்கான கருவிகள் வேண்டும். அவற்றைப் பதினொரு ஃபிளாப்பிகளில் துண்டு துண்டாகப் போட்டு முன்ஜாக்கிரதையாகக் கொண்டு வந்திருந்தேன். ஆறு ஃபிளாப்பி ஒழுங்காக ஏறியது. ஏழாவது, பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. துடைத்தேன், ஊதினேன், உதறினேன். ம்ஹூம்.

நடுவில் ஒருவர் கல்யாணப் பத்திரிகை வாங்க வந்தார். பாய் என் பக்கம் கையைக் காட்டினார்.

"மெஷின்ல படிச்ச புள்ள உக்காந்திருக்குதுங்க. மத்தியானத்துக்கு மேல வாங்க."

"ஏனுங்க பாய், பத்திரிகை கல்யாணத்துக்கு முன்னாடி கெடைக்குமுங்களா?"

"முகூர்த்தத்துக்குள்ள கெடைச்சுடும், போங்க."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் சிரிக்கவில்லை. இரண்டாவது முறையும் அதே ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனபோது, என் காது மடல் சூடாகிவிட்டது. மணி பன்னிரண்டு. பாயின் ஒரு காலை வியாபாரத்தைக் கெடுத்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் உறைத்தது. லைப்ரரியைக் கட்டுவதற்கான எல்லாக் கருவியும் ஏற்கெனவே இருக்கும் கம்ப்யூட்டர் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. பக்கம் என்றால் எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே. நான் லினக்ஸ் போட்டு வைத்த மலைக் கம்ப்யூட்டர். அங்கே கட்டி, அங்கேயே மாற்றி, மாற்றிய கோப்பை மட்டும் கீழே கொண்டு வந்தால் போதும். மூலநிரல் ஒரே ஃபிளாப்பியில் அடங்கும்.

"போய்ட்டு வாம்மா," என்றார் பாய். "நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஞாபகம் வெச்சுக்கோ. பன்னண்டரைக்குக் கடையச் சாத்திட்டுத் தொழுகைக்குப் போயிடுவேன். அதுக்கு முந்தி வந்துடு."

மதிய பஸ்ஸில் ஏறினேன். மூலநிரல் ஃபிளாப்பி மழையில் நனையாமல் இருக்க டிபன் பாக்ஸுக்குள் இருந்தது.

குழுவின் அறை, தகரக் கூரை போட்ட ஒரே அறை. ஒரு பக்கம் மரவள்ளி விதைக்குச்சிக் கட்டுகள், இன்னொரு பக்கம் மேசைமேல் துணி போர்த்திய கம்ப்யூட்டர். உட்கார்ந்ததும் வேலையை ஆரம்பித்துவிட்டேன். இப்படி ஒரு லைப்ரரியைக் கட்டுவதில் முதல் படி, இந்தக் கம்ப்யூட்டரில் அது இருக்கிறதா, இது இருக்கிறதா என்று வரிசையாகச் சோதித்துக்கொள்வது. இரண்டாவது படிதான் உண்மையாகக் கட்டுவது. அந்தப் பழைய மெஷினில் சோதனைக்கே ஏழெட்டு நிமிடம் ஆனது. முடிந்தது. கட்டு என்று கட்டளை கொடுத்தேன். அது மறுபடி முதலிலிருந்து சோதிக்க ஆரம்பித்தது.

ஏதோ தப்பாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி கொடுத்தேன். மறுபடி சோதனை. அது இருக்கிறதா, இருக்கிறது. இது இருக்கிறதா, இருக்கிறது. முடியும், உடனே தொடங்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பிரித்துப் போட்டேன். அதே கதை. கடைசி வரியை மட்டும் பார்ப்பேன், திட்டுவேன், அடுத்ததை முயற்சி செய்வேன். ஆறு மணி வாக்கில் மழை வலுத்து மின்சாரம் போயிற்று. அத்தோடு அன்றைய வேலை முடிந்தது.

இரவு அக்கா வீட்டிலேயே தங்கினேன். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார். எனக்கு இறங்கவில்லை.

காலையில் உரல் சத்தத்தில்தான் விழித்தேன். மழை விட்டிருந்தது. அக்கா வாசலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். இரண்டு குத்து வலது கையில், அப்புறம் உலக்கை இடது கைக்கு மாறும். இடது கையிலேயே ரொம்ப நேரம். மறுபடி வலது கைக்கு வரும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு நிறுத்தினார்.

"தோளு எறங்கிப் போச்சுங்க அம்மிணி. டாக்டரு உலக்கையத் தொடாதேங்கறாரு. தொடாட்டிச் சோறு ஆரு போடுவா? அதுக்குத்தானே அந்த மெஷினு."

அவர் ஏன் இடது விரலால் பெயர்களை அடித்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. இருநூறு குடும்பங்களை அடித்த விரல் அது. மூன்று ஊர்களிலும் இப்படி எத்தனை தோள்கள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே படுக்கையைச் சுருட்டி வைத்தேன்.

ஏழு மணிக்கு மின்சாரம் வந்தது. கீழே போகும் பஸ் பத்தரைக்கு. அதை விட்டால் வெள்ளி ஐந்து மணி என்ற பேச்சே இல்லை. மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி அதே சுற்று. எட்டரை மணிக்கு நான் நாற்காலியில் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, திரையில் ஓடுவதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தார். பெயர்ப் பட்டியலை அவர் சரிபார்த்த விதமும் அப்படித்தான். விரலை வைத்து, உதட்டை அசைத்து, அவசரமே இல்லாமல்.

"அம்மிணி, இங்க ஃபியூச்சர்னு போட்டிருக்குதுங்களே. அப்பிடின்னா இனிமேலு வாரதுதானுங்களே?"

எங்கே என்றேன், கண்ணைத் திறக்காமலே.

"இதா, மேல. அஞ்சாறு எடத்துல வருது. நேத்தும் வந்துச்சு."

பார்த்தேன். எச்சரிக்கை: இந்தக் கோப்பின் தேதி எதிர்காலத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில், தெள்ளத் தெளிவாக, ஆறு வரிகள். நேற்று மதியத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு தடவை என் கண்ணெதிரே ஓடியிருக்கிறது. கடைசி வரியில் மட்டுமே கண் வைத்திருந்த நான் ஒரு தடவை கூட வாசிக்கவில்லை.

இன்றைக்கு என்ன தேதி என்று கம்ப்யூட்டரைக் கேட்டேன். 1998 ஜனவரி ஒன்று என்றது.

அக்கா ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "ஆமாங்க, அது ஆடி மாசத்துல இருந்தே அப்பிடித்தானுங்களே காட்டுது. நா அடிச்சு வெச்சது அல்லாம் தொண்ணூத்தெட்டுலதான் இருக்குது."

"ஏனுங்கக்கா எங்கிட்டச் சொல்லலை?"

"ஆடியில வந்து என்னமோ தட்டிக் குடுத்துட்டுப் போனீங்களே. நீங்கதான் அப்பிடி வெச்சிருக்கறீங்கன்னு இருந்துட்டேன். படிச்சவங்க வெச்சத நாம எதுக்குக் கேக்கோணும்னுட்டு."

அந்த வாக்கியம் எனக்கு விழுந்த அறை. அவர் அறைவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் மூன்று மாதமாக அவருக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாமல் போனதற்கு என் பிரசங்கம்தான் காரணம். கேட்கும்படியாக நான் நடந்துகொண்டிருக்கவில்லை.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டருக்குள் காசு அளவில் ஒரு சின்ன பேட்டரி உண்டு. மின்சாரம் இல்லாதபோது தேதியை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் மெஷின் 1998-லேயே விழித்துக்கொண்டது. லைப்ரரியைக் கட்டும் கருவிக்கோ எல்லாம் தேதிக் கணக்கு. மூலக் கோப்பு, செய்து முடித்த கோப்பை விடப் புதியதாக இருந்தால், செய்ததைத் தள்ளிவிட்டு மறுபடி செய்யும். என் மூலக் கோப்புகள் 2003-இல் பிறந்தவை. அந்த மெஷின் எதைச் செய்தாலும் 1998 என்று முத்திரை விழும். ஆக, எவ்வளவு செய்தாலும் அது பழசு. மறுபடி செய், மறுபடி செய்.

அக்காவுக்குப் புரிய வேண்டுமே என்று சாமையை வைத்துச் சொன்னேன். குத்தி வைத்த அரிசி பழசு, கூடையில் இருக்கும் சாமை புதுசு என்று அது தப்பாக நினைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டே இருக்கிறது.

அக்கா திரையை ஒரு நிமிடம் பார்த்தார். "அட பாவமே. அதும் எங்களாட்டவே குத்திக்கிட்டுக் கெடக்குதாக்கும்."

இரண்டு பேரும் சிரித்தோம். இரண்டு நாளில் அதுதான் என் முதல் சிரிப்பு. பிறகு ஒரே ஒரு வரி. சரியான தேதியைத் தட்டினேன். பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். சோதனை ஓடி முடிந்தது. கட்டு என்றேன். அது கட்ட ஆரம்பித்தது.

மணி ஒன்பதேகால். முக்கால் மணி நேரமாவது ஆகும் போலிருந்தது. அதற்குள் விளக்கு ஒரு தரம் மங்கி எரிந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அக்கா என்னவென்று கேட்டார். மின்னழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்கினால் மெஷின் அணைந்துவிடும், அணைந்தால் மறுபடி தொண்ணூற்றெட்டு, மறுபடி முதலிலிருந்து என்றேன்.

அவர் எழுந்து வெளியே போனார். சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு டி.வி. சத்தம் நின்றது. அதற்கடுத்த வீட்டில் பாட்டு நின்றது. எங்கேயோ ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டார் நின்றது. வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டு, அக்கா வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

"ஏம்புள்ள, ஊரு கரண்டு மொத்தமும் அதுக்கே வேணுமா? அந்தப் பொட்டிக்கு வவுறு பெருசாட்ட இருக்குதே."

"ஒரு மணி நேரமுங்க மாமா. சாமி கும்புடறதாட்ட நெனச்சுக்கிட்டு இருங்க."

"மெஷினு வரட்டும், மொதோ மூட்டை என்ரதுதான், சொல்லிப்போட்டேன்."

அந்த ஊரில் அன்று வெள்ளிக்கிழமை காலை முக்கால் மணி நேரம் ஒரு விளக்கு எரியவில்லை, ஒரு மோட்டார் ஓடவில்லை. எதற்கு என்று அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அக்கா சொன்னார், நிறுத்தினார்கள். உலகத்தின் ஏதோ மூலையில் யாரோ இலவசமாக எழுதிக் கொடுத்த நிரல், மலை உச்சியில் ஓர் ஊர் விட்டுக்கொடுத்த மின்சாரத்தில் கட்டப்பட்டது. இதைச் சொல்லியிருந்தால் என் தோழிகள் தட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள்.

பத்தேகால் மணிக்கு லைப்ரரி தயாரானது. நிறுவினேன். பட்டியலை அதன் வழியாக ஓட்டினேன். மாற்றிய கோப்பை இரண்டு ஃபிளாப்பிகளில் எடுத்துக்கொண்டேன். அதற்குள் யாரோ பஸ்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் அக்காவும் கூடவே ஏறினார்.

காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கும்போது ஒன்று அடிக்கப் பத்து நிமிடம். பன்னிரண்டரைக்குக் கடை சாத்தியிருக்கும். ஆனாலும் ஓடினோம். கடை திறந்திருந்தது. தொப்பி போட்டுக்கொண்டு, புறப்பட்ட கோலத்தில் பாய் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பாங்கு சொல்லி முடிந்திருந்தது.

"பஸ் சத்தம் கேட்டுச்சு. சரி, நிப்பம்னு நின்னேன்," என்றார். நான் பேச வாயெடுப்பதற்குள் சாவிக்கொத்தை என் கையில் வைத்துவிட்டார். "உள்ள போய் உக்காரு. ரிப்பன் மங்குச்சுன்னா இழுப்பறைல புதுசு இருக்கு, மாத்திக்கோ. ஷட்டரைப் பாதி எறக்கிக்கோ, எவனாச்சும் ஜெராக்ஸ் கேட்டு வந்துடுவான்."

வேகமாக நடந்து போய்விட்டார். கடையில் இருந்த எல்லாவற்றையும் எங்களிடம் விட்டுவிட்டு.

ஃபிளாப்பியைத் திறந்தேன். எழுத்துக்கள் சரியாக இருந்தன, ஆனால் இருநூறு குடும்பங்களும் ஒரே வரியில், ரயில் பெட்டி போலக் கோத்துக்கொண்டு நின்றன. அக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வரி முடிகிறது என்பதை லினக்ஸ் ஒரு விதமாகக் குறிக்கும், விண்டோஸ் வேறு விதமாகக் குறிக்கும். ஒரு நாள் முன்னால் என்றால் பதறி எதையாவது அழித்திருப்பேன். அன்று மெதுவாகத் திரையை வாசித்தேன். அதே கோப்பை அந்தக் கம்ப்யூட்டரிலேயே இருந்த இன்னொரு மென்பொருளில் திறந்தேன். பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒழுங்காக வந்து நின்றன. அதிலேயே விண்டோஸ் முறையில் சேமித்து, அலுவலகத்துக்கான ஃபிளாப்பியிலும் போட்டுக்கொண்டேன்.

பிரிண்டர் கிர்ர் கிர்ர் என்று அடிக்கத் தொடங்கியது. அக்கா ஒவ்வொரு தாளையும் வாங்கி, விரல் வைத்து வாசித்தார். பாதியில் பாய் திரும்பி வந்தார். அவர் எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்க, நான் பேட்டரி கதையை மூச்சு விடாமல் சொன்னேன். ரொம்ப ரசித்துக் கேட்டார். "மூணு மாசமா அதுக்குத் தெனமும் புது வருசப் பொறப்புத்தான்னு சொல்லு," என்றார்.

நாலு இருபதுக்கு நாமக்கல் அலுவலகத்தில் பட்டியலைக் கொடுத்தோம். ஃபிளாப்பியைப் போட்டுப் பார்த்தார்கள். பெயர்கள் தெரிந்தன. அக்கா கையெழுத்துப் போட்டார், அதுவும் இடது கையால்.

திரும்பி வந்தபோது மலைக்குப் போகும் பஸ் எங்கள் ஊர் நிறுத்தத்தில் கிளம்பத் தயாராக நின்றது. பாய் அங்கே காத்துக்கொண்டிருந்தார். பொட்டலமாக மடித்த ஒரு காகிதத்தை அக்காவிடம் கொடுத்தார். உள்ளே அந்தக் காசு அளவுப் பேட்டரி.

"கடைல கெடந்துச்சு. அந்தப் பொட்டிக்கு இதைப் போட்டுடுங்க. இனி தேதி மறக்காது."

எப்படிப் போடுவது என்று அக்காவுக்கு பஸ் படியில் நின்றபடியே சொன்னேன். மூடியை எப்படிக் கழற்றுவது, எழுத்து இருக்கும் பக்கம் மேலே. அவர் அதையும் ஒருமுறை எனக்கே திருப்பிச் சொல்லிக் காட்டினார். பஸ் போய்விட்டது.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, ஒரு நாள் காலையில் பாய் கடைக்குப் போனேன். அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரைப் போட்டார். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நாட்காட்டியைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தேதியைத் தட்டினார்.

"ஏனுங்க பாய், அந்தப் பேட்டரி கடையில கெடந்ததுன்னு சொன்னீங்க."

"கடைலதானம்மா கெடந்துச்சு. இதுக்குள்ள."

அவர் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை, ஜெராக்ஸ் மெஷினில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மேல இருக்கறது தானா எந்திரிச்சாகணும், அங்க ஆரு இருக்கறா? இதை எழுப்பறதுக்கு நான் இருக்கேன். எப்படியும் தெனம் தாள் கிழிக்கறேன், கூட ரெண்டு தட்டு."

அடுத்த நாளே சேலம் போய் ஒரு பேட்டரி வாங்கி வந்து அவர் கம்ப்யூட்டரில் போட்டேன். வெச்சுட்டுப் போ, ஆனா காலைல தேதி பாக்கற பழக்கம் இனி விடாது என்றார்.

பங்குனியில் விடுதிக்கு ஒரு கடிதம் வந்தது. அக்கா மலைமேல் அடித்து, லைப்ரரி வழியாகத் தானே மாற்றி, பாய் கடையில் பிரிண்ட் எடுத்து அனுப்பியிருந்தார். மெஷின் வந்துவிட்டது, முதல் மூட்டை மாமாவுடையதுதான், இன்னும் வலது கையில் தட்டிப் பழகவில்லை, பழகிக்கொள்வேன் என்று எழுதியிருந்தார். இத்தனையையும் நான் அப்புறம்தான் வாசித்தேன். முதலில் என் கண் போய் நின்றது வலது மூலையில், கம்ப்யூட்டர் தானாகவே போட்டிருந்த தேதியில். சரியாக இருந்தது.

இன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரில் எதைக் கட்டுவதற்கு முன்னாலும் அதன் தேதியைப் பார்க்கிறேன், ஓடுகிற வரிகளை மேலிருந்து ஒவ்வொன்றாக வாசிக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஏதாவது கவனித்தாரா என்று கேட்கிறேன். அப்படிக் கேட்கும் ஒவ்வொரு தடவையும், எனக்காக விளக்கை அணைத்த ஓர் ஊரும், தன் கடையிலிருந்து தேதியைக் கழற்றிக் கொடுத்த ஒரு மனிதரும் அந்த அறையில் என்னோடு இருக்கிறார்கள்.